பிரெட் ஹார்ட்டைத் துண்டு துண்டாகப் பார்க்காதீர்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான்: மல்யுத்த வீரர் பிரெட் ஹார்ட்டைப் பற்றி ஆளாளுக்கு ஆகா ஓகோ என்கிறார்கள், நான் சில நிமிட வீடியோக்கள் பார்த்தேன், உயரத்திலிருந்து குதிப்பதும் இல்லை, மைக்கைப் பிடித்து நெருப்பாகப் பேசுவதும் இல்லை, அப்படி என்னதான் இருக்கிறது அவரிடம், பார்ப்பதென்றால் எந்த மேட்ச்சிலிருந்து தொடங்குவது?

நீங்கள் பார்த்த முறையிலேயே சிக்கல் இருக்கிறது. பிரெட்டின் மேட்ச் ஒன்றை முப்பது வினாடியாக வெட்டினால் அதில் ஒன்றுமே மிஞ்சாது. பதினெட்டாவது நிமிடத்தில் அவர் செய்யும் ஒரு காரியத்துக்கான காரணம் நான்காவது நிமிடத்தில் எங்கோ கிடக்கும். அங்கே எதிராளி முதுகில் ஒரு அடி கொடுத்திருப்பான், அப்போது அது பெரிதாகத் தெரியாது, ஆனால் மேட்ச் முடியும்வரை பிரெட் அந்த முதுகை மறக்கமாட்டார், எழும்போது ஒரு கை தானாக இடுப்புக்குப் போகும், ஓடும்போது அரை அடி குறையும். முடிவு முன்கூட்டியே பேசிவைத்ததுதான் என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தபிறகும் நம்மை நம்பவைப்பதுதான் இந்தத் தொழில், அதை அவர் அளவுக்கு நிதானமாகச் செய்தவர்கள் மிகக் குறைவு.

பின்னணி கொஞ்சம் தெரிந்தால் போதும். 1957-ல் கனடாவின் கால்கரியில் பிறந்தவர், பன்னிரண்டு பிள்ளைகளில் எட்டாவது. அப்பா ஸ்டூ ஹார்ட் அங்கே ஸ்டாம்பீட் ரெஸ்லிங் என்ற நிறுவனத்தை நடத்தினார், வீட்டின் நிலவறையில் பாய் விரித்து ஆட்களுக்குப் பயிற்சி கொடுத்தார், அந்த இடத்துக்கு டன்ஜன் என்றே பெயர். பிரெட்டுக்கு ரிங் வேலையைச் சொல்லிக்கொடுத்தவர்கள் ஹிடோ, சகுராடா என்ற இரண்டு ஜப்பானியர்கள். 1984-ல் இன்றைய டபிள்யூடபிள்யூஈயான டபிள்யூடபிள்யூஎஃப் வந்தார், அக்காவை மணந்திருந்த ஜிம் நைட்ஹார்ட்டுடன் சேர்ந்து ஹார்ட் ஃபவுண்டேஷன் என்ற டேக் டீம், அதாவது இருவர் அணி, 1987-லும் 1990-லும் டேக் பெல்ட். அந்தக் காலம் ஜாலியாக இருக்கும், ஆனால் முதலில் பார்க்கவேண்டியது அது இல்லை, பிறகு ஆசை வந்தால் திரும்பிப் போய்ப் பாருங்கள்.

தொடங்கவேண்டியது 1991 சம்மர்ஸ்லாம், மேடிசன் ஸ்கொயர் கார்டன், எதிரில் மிஸ்டர் பெர்ஃபெக்ட் என்ற கர்ட் ஹென்னிக். உலகப் பட்டத்துக்கு அடுத்த நிலையில் இருந்த இன்டர்கான்டினென்டல் பெல்ட்டுக்கான மேட்ச். ஹென்னிக்குக்கு அப்போது முதுகில் கடுமையான காயம், நிற்பதே கஷ்டம், ஆனாலும் வந்து ஆடினார், அதற்குப் பிறகு ஒரு வருடத்துக்கு மேல் மல்யுத்தமே செய்யவில்லை. இது தெரிந்து பார்க்கும்போது இருவர் மீதும் மரியாதை கூடும்: வலியோடு விழுந்து எழுந்தவர் ஒருவர், அந்த முதுகை உண்மையிலேயே காயப்படுத்தாமல் காயப்படுத்துவதுபோல் காட்டியவர் இன்னொருவர். பெர்ஃபெக்ட்பிளெக்ஸ் என்ற ஹென்னிக்கின் முடிவுப் பிடியிலிருந்து யாரும் எழமாட்டார்கள் என்று பல மாதங்களாகச் சொல்லி வளர்த்திருந்தார்கள், பிரெட் அதிலிருந்து தோளைத் தூக்கியதும் கூட்டம் எழுந்துவிடுகிறது. கடைசியில் பிரெட் மல்லாந்து கிடக்கிறார், ஹென்னிக் அவர் கால்களுக்கு நடுவே பாய்ந்து காலை இறக்குகிறார், தரையில் கிடந்தபடியே அந்தக் காலைப் பிடித்து, அப்படியே திருகி எழுந்து, ஷார்ப்ஷூட்டர், கால்களை முறுக்கிக் கட்டும் அவருடைய முடிவுப் பிடி. பிடியே மொத்தம் சில வினாடிகள்தான், ஆனால் அது வந்த வழி இருக்கிறதே, அதுதான் பிரெட்.

ஷார்ப்ஷூட்டர் அவர் கண்டுபிடித்தது கிடையாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் ரிக்கி சோஷு அதைப் புகழ்பெற வைத்தார், அமெரிக்காவில் ஸ்டிங் ஸ்கார்ப்பியன் டெத்லாக் என்ற பெயரில் போட்டுக்கொண்டிருந்தார். பிரெட் செய்தது, அந்தப் பிடிக்குப் போகும் பாதையை ஒவ்வொரு மேட்ச்சிலும் மாற்றியது.

அடுத்தது 1992 ரெஸில்மேனியா, இண்டியானாபொலிஸ், எதிரில் ராடி பைப்பர், அதே இன்டர்கான்டினென்டல் பெல்ட் அப்போது அவரிடம். என்னிடம் ஒரே ஒரு மேட்ச்சைச் சொல்லி "இதை விளக்கு" என்றால் நான் இதைத்தான் எடுப்பேன், பதினைந்து நிமிடம்கூட இருக்காது. பைப்பர் குடும்ப நண்பர் மாதிரி, ஹீரோவும் இல்லை வில்லனும் இல்லை, எந்த நேரத்தில் எப்படித் திரும்புவார் என்று தெரியாத மனிதர். பிரெட்டின் நெற்றியில் ரத்தம். அந்த நாட்களில் வேண்டுமென்றே ரத்தம் வரவழைக்க நிறுவனத்தில் அனுமதி கிடையாது, தற்செயலாக நடந்தது என்று சொல்லித் தப்பித்ததைப் பிற்காலத்தில் பிரெட்டே எழுதியிருக்கிறார். ரெஃப்ரி கீழே விழுந்து கிடக்க, பைப்பர் ரிங் ஓரத்திலிருந்து மணியை எடுத்துக்கொண்டு வருகிறார். ஓங்குகிறார். கூட்டம் வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிறது, அவர் முகம் மாறுகிறது, மணியைத் தூக்கி எறிந்துவிட்டு பின்னாலிருந்து கழுத்தை இறுக்கும் ஸ்லீப்பர் பிடியைப் போடுகிறார். பிரெட் மூலையில் இருக்கும் டர்ன்பக்கிளில் காலை ஊன்றி உந்தி, பிடியோடு சேர்த்துப் பின்னால் சரிந்து, பைப்பரின் தோள்கள் தரையில் படும்படி விழ, ஒன்று இரண்டு மூன்று. நேர்மையாக இருக்க முடிவு செய்ததால் தோற்கிற ஒரு மனிதன், பிடியை விடாததாலேயே மாட்டிக்கொள்கிற ஒரு மனிதன், இரண்டும் ஒரே ஆள், இதை ஒரு வசனம்கூட இல்லாமல் சொல்லிவிட்டார்கள். பைப்பரே பெல்ட்டை எடுத்து பிரெட் இடுப்பில் கட்டிவிடுவார். அந்த மணியையும் அந்த டர்ன்பக்கிள் உந்தலையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், இரண்டும் திரும்ப வரும்.

அதே வருடம் ஆகஸ்டில் லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியம், சம்மர்ஸ்லாம், நிறுவனம் அறிவித்த கூட்டம் 80,355. எதிரில் டேவி பாய் ஸ்மித், பிரெட்டின் தங்கை டயானாவின் கணவர், அந்த ஊர் மக்களின் சொந்த ஆள். உலகப் பட்டத்துக்கான மேட்ச்சைக் கீழே தள்ளிவிட்டு இந்த மேட்ச் கடைசியாக நடந்தது. ஆரம்பித்த சில நிமிடங்களிலேயே டேவிக்குத் திட்டமிட்டது எல்லாம் மறந்துபோய்விட்டது, ஒவ்வொரு அடியையும் காதில் சொல்லிச் சொல்லித்தான் கொண்டுபோனேன் என்று பிரெட் பல முறை சொல்லியிருக்கிறார். முதல் தடவை பார்க்கும்போது இதை மறந்துவிட்டுப் பாருங்கள். இரண்டாவது தடவை, பிடி போட்டுக்கொண்டு இருவர் தலையும் ஒட்டியிருக்கும் நேரங்களைக் கவனியுங்கள், யார் ஓட்டுகிறார் என்பது தெரியும். இருபத்தைந்து நிமிடம் ஒரு மனிதன் தன் நினைவைக் கொண்டு இரண்டு பேருக்கும் சேர்த்து ஆடியிருக்கிறான், கடைசியில் தோற்றதும் அவன்தான், 80,000 பேர் கொண்டாடியது மற்றவரை. தோற்கும் இடமும் அழகு: பிரெட் சன்செட் ஃப்ளிப் போடப் போகிறார், டேவி அப்படியே உட்கார்ந்து அவர் கால்களைக் கொக்கி போட்டுவிடுகிறார். பிரெட் கைகொடுக்க முதலில் தயங்குவார், அப்புறம் கட்டிப்பிடித்துக்கொள்வார்கள், டயானாவும் வந்து சேர்வார்.

இங்கே எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன். ஒரு மல்யுத்த வீரர் எவ்வளவு பெரியவர் என்பதை அவருடைய வெற்றிப் பட்டியலில் தேடக் கூடாது, மேட்ச் முடிந்தபிறகு அவருடைய எதிராளி எந்த உயரத்தில் நிற்கிறார் என்று பார்க்கவேண்டும். டேவியின் வாழ்க்கையின் உச்சம் பிரெட்டோடு ஆடியது, தம்பி ஓவனின் உச்சமும் அதுதான், ஸ்டீவ் ஆஸ்டின் ஆஸ்டினாக ஆனதும் பிரெட்டின் கைகளில்தான். தன்னோடு ஆடிய யாரையும் தீவிரமாகக் காயப்படுத்தியதில்லை என்பதுதான் தன் பெருமை என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்வார், அதை வெறும் பேச்சாக எடுத்துக்கொள்ளாதீர்கள், மூலையில் நெஞ்சை முன்னால் கொடுத்து டர்ன்பக்கிளில் மோதி விழுவது அவருடைய முத்திரை, அதாவது தன் உடம்பைப் பணயம் வைத்து எதிராளியின் பலத்தைக் காட்டுவது.

"அவர் எப்போதும் ஒரே ஐந்து அடிகளைத்தானே அடிப்பார்" என்று ஒரு குற்றச்சாட்டு உண்டு. லெக்ஸ்வீப், பேக்பிரேக்கர், இரண்டாவது கயிற்றிலிருந்து முழங்கை, அந்த வரிசை பலருக்கு மனப்பாடம். இதில் உண்மை இருக்கிறது, சாதாரண வார நிகழ்ச்சிகளில் அதையே ஓட்டியிருக்கிறார். ஆனால் பெரிய மேட்ச்களில் அந்த வரிசையைக் கூட்டத்துக்குப் பழக்கியதே அதை உடைப்பதற்குத்தான். அடுத்து முழங்கை வரும் என்று எல்லோருக்கும் தெரிவதால்தான் எதிராளி காலைத் தூக்கித் தடுக்கும்போது அரங்கமே மூச்சை இழுக்கிறது.

1992 அக்டோபரில் சாஸ்கட்டூனில் ரிக் ஃப்ளேரை வென்று முதல் தடவை உலகச் சாம்பியன் ஆனார், டிவியில் ஒளிபரப்பாத நிகழ்ச்சி அது, மேட்ச் சுமார்தான். 1993 ரெஸில்மேனியாவில் யோகோசுனாவிடம் பெல்ட்டை இழந்து, அதே நிமிடங்களில் ஹல்க் ஹோகன் வந்து அதை வாங்கிக்கொண்டு போனதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல் வரும். ஆனால் அந்த வருடம் ஜூனில் நடந்த கிங் ஆஃப் தி ரிங்கைக் கட்டாயம் பாருங்கள், ஒரே இரவில் ரேசர் ரமோன், ஹென்னிக், பாம் பாம் பிகலோ என்று மூன்று பேர், மூன்று வேறு உடம்பு, மூன்று வேறு கதை. ஹென்னிக்கோடு ஆடியது 1991-ஐ விடச் சிறந்தது என்று சொல்பவர்கள் உண்டு, நானும் ஏறக்குறைய அந்தப் பக்கம். பிகலோவை அவர் வென்றது விக்டரி ரோல் என்ற உருட்டலில், அதையும் ஞாபகத்தில் போட்டுவையுங்கள்.

லாலர், பேக்லண்ட் இவர்களோடு நடந்த சண்டைகளைத் தாண்டிவிடலாம். தாண்டக் கூடாதது 1995 சர்வைவர் சீரிஸ், எதிரில் டீசல் என்ற வீரர். ஏழடி உயரத்தோடு ஆடும்போது பிரெட் முழங்காலைக் குறிவைத்து மரம் வெட்டுவதுபோல் வெட்டுகிறார், நடுவில் ரிங்குக்கு வெளியே வர்ணனையாளர் மேசை மேல் போய் விழுந்து அதை உடைக்கிறார், உள்ளே இழுத்துவந்து கடைசி அடிக்காகத் தூக்கும்போது துணி மூட்டை மாதிரி சரிகிறார், டீசல் பரிதாபப்பட்டுக் குனியும் கணத்தில் சுருட்டிப் பிடித்து மூன்று எண்ண வைத்துவிடுகிறார். அது நடிப்பா உண்மைச் சரிவா என்று இப்போதுகூட ஒரு விநாடி சந்தேகம் வரும்.

1996 ரெஸில்மேனியாவில் ஷான் மைக்கேல்ஸோடு ஆடிய அறுபது நிமிட அயர்ன் மேன் மேட்ச் எல்லாப் பட்டியலிலும் மேலே இருக்கும். என் கருத்து வேறு. முதல் அரைமணி நேரம் தரையில் பிடியோடு நகர்கிறது, ஒரு மணி நேரத்தில் ஒருவர்கூட ஒரு புள்ளி எடுக்காமல் கூடுதல் நேரத்தில்தான் மைக்கேல்ஸ் ஜெயிக்கிறார், உடல் தகுதியாகப் பார்த்தால் வியப்பு, கதையாகப் பார்த்தால் நடுவில் பெரிய பள்ளம். புதிதாகப் பார்ப்பவர் இதில் தொடங்கினால் பிரெட்டை வெறுத்துவிட வாய்ப்பு அதிகம், தள்ளிப்போடுங்கள்.

சரி, ஆஸ்டின். இரண்டு மேட்ச்சையும் அடுத்தடுத்துப் பாருங்கள். 1996 நவம்பர், மேடிசன் ஸ்கொயர் கார்டன், பிரெட் ஏழு மாத இடைவெளிக்குப் பிறகு திரும்பி வந்த மேட்ச். கடைசியில் ஆஸ்டின் பின்னாலிருந்து கழுத்தைப் பிடிக்க, பிரெட் டர்ன்பக்கிளில் காலை ஊன்றி உந்திப் பின்னால் சரிந்து மூன்று எண்ண வைக்கிறார். பைப்பரை வென்ற அதே வழி. முறையாக நடத்திய சண்டை, நூலிழையில் ஒரு வெற்றி, ஆஸ்டினுக்கு அது தோல்வியாகவே உறைக்கவில்லை.

1997 மார்ச் 23, ரோஸ்மான்ட், ரெஸில்மேனியா 13. சரணடைந்தால்தான் முடியும் என்ற விதி, கென் ஷாம்ராக் ரெஃப்ரி. ஆஸ்டின் வில்லனாக உள்ளே வருகிறார், பிரெட் ஹீரோவாக. கூட்டத்துக்குள் புகுந்து அடித்துக்கொள்கிறார்கள், பிரெட் ஆஸ்டினின் முழங்காலை ரிங் கம்பத்தில் சுற்றிப் பிடிக்கிறார், நாற்காலி வருகிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நல்ல மனிதனின் முகத்திலிருந்து பொறுமை வடிவதைப் பார்க்கலாம். ஆஸ்டினின் நெற்றி கிழிந்து முகம் முழுக்க ரத்தம், அதையும் பிரெட்தான் நிறுவனத்திடம் அனுமதி கேட்காமல் வெட்டிவிட்டார் என்பது பின்னாளில் வெளிவந்த விஷயம். ஆஸ்டின் ஒரு வயரைக் கழுத்தில் சுற்றி இறுக்கும்போது பிரெட்டின் கை துழாவி எதை எடுக்கிறது தெரியுமா, மணியை. ஐந்து வருடத்துக்கு முன் பைப்பர் தன் மேல் அடிக்காமல் தூக்கி எறிந்த அதே பொருளை பிரெட் அடித்துவிடுகிறார், யோசிக்கவே இல்லை. அப்புறம் ஷார்ப்ஷூட்டர். பற்களுக்கிடையே ரத்தம் ஒழுக ஆஸ்டின் கத்துகிறார், ஆனால் விட்டுக்கொடுக்கவில்லை, மயங்கித்தான் போகிறார். மேட்ச் முடிந்த பிறகும் பிரெட் அந்தக் காலை விடமாட்டேன் என்று அடிக்கப் போக, ஷாம்ராக் இடுப்பைப் பிடித்துத் தூக்கி எறிகிறார். பிரெட்டைக் கூட்டம் ஏசி அனுப்புகிறது, ஆஸ்டின் யார் கையையும் பிடிக்காமல் நொண்டிக்கொண்டு தானே நடந்து போகும்போது அவர் பெயரைச் சொல்லி முழங்குகிறது. ஹீரோ வில்லனாகவும் வில்லன் ஹீரோவாகவும் ஒரே மேட்ச்சில், ஒருவர்கூட மைக்கைத் தொடாமல். நான் பார்த்த மல்யுத்தத்தில் இதற்கு மேல் ஒன்றும் இல்லை. 2006-ல் பிரெட் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டபோது அறிமுகம் செய்தது ஆஸ்டின்தான், வேறு யார் செய்திருந்தாலும் பொருந்தியிருக்காது.

அந்த வருட ஜூலையில் கால்கரியில் நடந்த கனேடியன் ஸ்டாம்பீட் நிகழ்ச்சியின் ஐந்துக்கு ஐந்து மேட்ச்சை அரங்கச் சத்தத்துக்காகவே பாருங்கள். அமெரிக்காவில் ஏசப்பட்ட அதே மனிதர் அங்கே கடவுள்.

மாண்ட்ரியல் பற்றி எல்லோரும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். 1997 நவம்பர் 9, நிறுவனத்தை விட்டுப் போகவிருந்த பிரெட்டுக்குத் தெரியாமல், மைக்கேல்ஸ் அவர் மேல் ஷார்ப்ஷூட்டர் போட்ட கணத்தில் முதலாளி வின்ஸ் மெக்மஹன் மணியடிக்கச் சொன்னார், பிரெட் சரணடையவே இல்லை. மணி மூன்றாவது முறையாக வருகிறது, கவனித்தீர்களா. பிரெட் வின்ஸ் முகத்தில் துப்பினார், காற்றில் விரலால் தான் போகவிருந்த போட்டி நிறுவனத்தின் பெயரை, டபிள்யூசிடபிள்யூ என்று எழுதிக் காட்டினார். பெரிய சம்பவம், ஆனால் மேட்ச்சாக அதில் பாதிதான் இருக்கிறது. ஒருவரை நம்பித் தன் உடம்பைக் கொடுத்து அந்தப் பிடிக்குள் படுத்திருக்கும்போது அப்படிச் செய்ததுதான் பெரிய துரோகம் என்று நினைக்கிறேன், பெல்ட் போனதைவிட.

டபிள்யூசிடபிள்யூவில் அவரை வீணடித்தார்கள். ஒன்றே ஒன்று பாருங்கள்: 1999 அக்டோபர் 4, கான்சாஸ் சிட்டி, கெம்பர் அரீனா. அதே அரங்கில்தான் அந்த வருடம் மே 23 அன்று தம்பி ஓவன் உயரத்திலிருந்து இறக்கும் கருவி கழன்று விழுந்து இறந்தார். அவர் நினைவாக நடந்த மேட்ச். எதிராளி கிறிஸ் பென்வா, 2007-ல் மனைவியையும் மகனையும் கொன்று தானும் இறந்தவர், அதனால் பலரால் இதைப் பார்க்க முடியாது, அது முழுக்க நியாயம். பார்க்க முடிந்தவர்கள் பிரெட்டை மட்டும் பாருங்கள், தம்பிக்குச் செய்யவேண்டிய காரியத்தைத் தெரிந்த ஒரே மொழியில் செய்கிறார். இரண்டு மாதம் கழித்து ஸ்டார்கேடில் கோல்ட்பெர்க்கின் ஒரு உதை தலையில் பட்டது, மூளை அதிர்ச்சி, 2000-ல் ஓய்வு. யாரையும் காயப்படுத்தாமல் வாழ்ந்த தொழில் வாழ்க்கை இன்னொருவரின் கவனக்குறைவில் முடிந்தது, 2002-ல் சைக்கிளிலிருந்து விழுந்து பக்கவாதம் வேறு. 2010-ல் திரும்பி வந்து வின்ஸோடு ரெஸில்மேனியாவில் ஆடியதைப் பார்க்கவேண்டாம், அதே வருட ஜனவரியில் மைக்கேல்ஸோடு கைகுலுக்கியதைப் பாருங்கள்.

ஒன்றை வேண்டுமென்றே கடைசிக்கு வைத்தேன், நீங்களும் கடைசியில் பாருங்கள். 1994 மார்ச் 20, ரெஸில்மேனியா 10, மேடிசன் ஸ்கொயர் கார்டன், முதல் மேட்ச்சே பிரெட்டும் ஓவனும். அண்ணன் நிழலிலேயே வாழ்ந்து சலித்த தம்பி, ஜனவரியில் அண்ணனின் அடிபட்ட காலை உதைத்துவிட்டுப் போனவன். பிரெட் அடிக்க மனமில்லாமல் ஆடுகிறார், ஓவன் அறைந்து அறைந்து அடிக்க வைக்கிறான். இருபது நிமிடம் போனதே தெரியாது. பிரெட் விக்டரி ரோல் போடத் தோளில் ஏறுகிறார், பிகலோவை வீழ்த்திய அதே உருட்டல், ஆனால் இவன் அதே வீட்டு நிலவறையில் வளர்ந்தவன், அப்படியே உட்கார்ந்துவிடுகிறான், ஒன்று இரண்டு மூன்று, தம்பி எந்தக் கள்ளத்தனமும் இல்லாமல் ஜெயித்துவிட்டான். அதே இரவின் கடைசி மேட்ச்சில் பிரெட் யோகோசுனாவை வென்று உலகச் சாம்பியன் ஆகிறார், மற்ற வீரர்கள் ஓடிவந்து தோளில் தூக்குகிறார்கள். ஓவன் ரிங்குக்கு வரும் நடைபாதையில் வந்து நின்று பார்க்கிறான். மேலே இருக்கிற பிரெட் அவனைப் பார்த்துவிடுகிறார். அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தி, இரண்டு முகத்தையும் கொஞ்ச நேரம் பாருங்கள்.